மூன்றாவது தட்டில் ஒரு பலே

ஜன்னல் பக்கத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள் தம்பி. வாந்தி எடுக்கிற ஆள் இல்லை நான், பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் எனக்கு உட்காரத் தெரியாது. ஜன்னல் இருந்தால் நான் இங்கே இருப்பேன், கண் மட்டும் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரும். ரொம்ப சந்தோஷம்.

காலைப் பார்க்கிறீர்கள். ஆடிக்கொண்டுதான் இருக்கும். எண்பத்தாறு வயதில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, இந்த வலது கால் மட்டும் கேட்பதில்லை. முன் சீட்டு அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாயிற்று. மன்னிக்கணும் தாயி, வேண்டுமென்று உதைக்கவில்லை. இது பேஸ் வாத்தியத்துக்குத் தாளம் போட்ட கால்.

நீங்கள் சென்னைக்கு வேலையாகப் போகிறீர்கள். நான் ஒரு வழக்குத் தீர்க்கப் போகிறேன். கோர்ட்டு வழக்கு இல்லை. அறுபத்தாறு வருஷமாக ஒருவன் என்னுடைய ஒரு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றான். போன வருஷம் செத்தும் போனான். அவன் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பெரம்பூரில் அத்தை வீட்டில் இறங்கியிருக்கிறாள். அவளிடம் போய் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

என்ன வார்த்தையா? ‘பலே.’ இருங்கள், அப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்லிக் காட்டுகிறேன்.

பலே.

சரி, சரி. குழந்தை எழுந்துவிட்டது. தட்டிக் கொடுங்கள் தாயி, தூங்கிவிடும். பார்த்தீர்களா தம்பி, இத்தனை வயதிலும் குரல் எப்படிப் போகிறது என்று. அவளிடமும் இதேபோல் சொல்லிக் காட்டப் போகிறேன். பழைய இசைத்தட்டில் இருக்கிற என் குரலையும் இதையும் ஒட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

மெர்வின் ரெபெய்ரோ. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மாட்டீர்கள். எங்கள் ஊர் பொன்மலையிலேயே இன்று நாலு பேருக்குத் தெரியாது. ஃபின்லாந்தில் தெரியுமாம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மெர்வின் சட்டைக்காரப் பையன். ஆங்கிலோ இந்தியன் என்று நீங்கள் சொல்வீர்கள், எங்கள் பக்கம் சட்டைக்காரர்கள் என்றுதான் பேச்சு. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் மேக்கர். ரயில் இன்ஜினின் பாய்லருக்குள் படுத்துக்கொண்டு சுத்தியலால் அடிக்கிற வேலை. நான் அவன் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்த கலாசி, எடுபிடி ஆள். எங்கள் அப்பா தவில்காரர். எனக்குத் தோளில் எதையும் மாட்டிக்கொண்டு நிற்கப் பிடிக்காது, ஓடிவந்து ரயில்வேயில் சேர்ந்துவிட்டேன்.

ஒரு நாள் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு பாய்லருக்குள்ளிருந்து பாட்டு வருகிறது. குரல் போய் அந்தக் கோடி இரும்பில் முட்டி, அரை நொடி கழித்து இன்னொரு குரலாகத் திரும்பி வருகிறது. ஒரே ஆள், இரண்டு தொண்டை. என் கை சும்மா இருக்குமா? வெளியிலிருந்து பாய்லரைத் தட்ட ஆரம்பித்தேன். அவன் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. முடிந்ததும் கரி அப்பிய தலை ஒன்று வெளியே வந்தது.

“யாரு மேன் அது வெளியே அடிச்சது?”

“நான்தான் சார். அய்யாக்கண்ணு.”

“சார் எல்லாம் வேணாம் மேன். இன்னொரு வாட்டி அடி.”

அன்றிலிருந்து நான் அவனுக்குக் ‘கண்ணு’. ஊரில் ஒரு பெண்ணும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவன் பாடியதற்கு ராக்கபில்லி என்று பெயர். கப்பலில் வேலை பார்த்த அவன் மச்சான் அமெரிக்காவிலிருந்து நாலு தட்டு கொண்டுவந்து கொடுத்திருந்தான். அதைத் தேயத் தேயக் கேட்டு மெர்வின் பிடித்துக்கொண்டான். ராக் அண்ட் ரோல் இருக்கிறதே, அதற்கும் அந்த ஊர் மாடு மேய்க்கிறவர்கள் பாட்டுக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடும்போது நடுவில் விக்கல் எடுக்கிற மாதிரி குரலை உடைக்க வேண்டும். மெர்வின் உடைத்தால் எதிரில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றும்.

அதில் டிரம்ஸ் கிடையாது. பேஸ்காரன்தான் டிரம்ஸ். பேஸ் என்றால் வயலினுக்குப் பெரியப்பா மாதிரி, ஆளுயரத்துக்கு நிற்கும். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் மேடைக்கு அடியில் பழையது ஒன்று கிடந்தது, உள்ளே எலிக் குடித்தனம். குட்டிகளை எல்லாம் வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டு நான் எடுத்துக்கொண்டேன். கம்பியை இழுத்து விட்டால் கட்டையில் போய் அறையும். டக்கு, டக்கு. தவில்காரன் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? ஒருமுறை தடித்த கம்பி அறுந்துபோய், சிக்னல் கம்பியில் ஒரு முழம் வெட்டி மாட்டிவிட்டேன். அன்று திருவெறும்பூரில் ஒரு கூட்ஸ் வண்டி சாயங்காலம் வரைக்கும் நின்றது. நம்ப வேண்டாம், விடுங்கள்.

இது எந்த ஊர்? பெரம்பலூரே தாண்டவில்லையா? என்ன ஓட்டுகிறான் இவன்.

அந்த வருஷம், ஐம்பத்தெட்டு, ஈஸ்டர் டான்ஸில் மெர்வின் பாடியதை ரெக்கார்டு கம்பெனி ஏஜெண்டு ஒருவர் கேட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. மெட்ராஸுக்கு வா, ஒரு பாட்டு எடுத்துப் பார்க்கலாம், தேறினால் இன்னும் ஆறு பாட்டுக்கு ஒப்பந்தம், கல்கத்தா ஹோட்டலில் தினமும் பாட்டு. மெர்வின் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். கரிபட்டு எழுத்தே தெரியாமல் போயிற்று, அப்போதும் வைத்திருந்தான்.

“உனக்கு என்ன மேன் அவ்வளவு அவசரம்?” என்று கேட்டேன், அவனை மாதிரியே.

“பாய்லர்ல வேலை செய்யிறவனுக்கு முப்பது வயசுல காது போயிடும் கண்ணு. எங்க டாடி பார்த்தியா? மணியடிச்சா கூட அம்மா தோளைத் தொட்டுச் சொல்லணும். எனக்கு இருபத்திநாலு. லெஃப்ட்ல இப்பவே பாதிதான் கேக்குது. அதுக்குள்ள வெளிய போயிடணும்.”

அது உண்மை. பாய்லர்காரர்கள் எல்லோருக்கும் அது நடக்கும். நான் வெளியே நிற்கிற கலாசி, தப்பித்தேன்.

லீவு கேட்டோம். மெர்வின் பல்வலி என்று எழுதினான். நான் மாமியார் இறந்துவிட்டார் என்று எழுதினேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. கிளார்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, “ரொம்ப நாள் படுக்கையில் இருந்தாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ரயிலில் அந்தப் பேஸை எங்கே வைப்பது? பிரேக் வேனில் போட்டால் நொறுங்கிவிடும். எனக்கு ஒரு யோசனை. கீழ்ப் பலகையில் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, தலைமாட்டில் வேப்பிலை செருகி, அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னேன். அடுத்த ஸ்டேஷனில் பெட்டியே காலி. மெர்வின், நான், கிதார் வாசிக்கிற நோயல், மூன்று பேரும் ராஜா மாதிரி காலை நீட்டிக்கொண்டோம். விழுப்புரத்தில் ஒரு அம்மா ஏறி, போர்வையின் கால்பக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். மெர்வின் அந்தப் பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, “நல்ல சகுனம் மேன்” என்றான்.

சகுனம். கேளுங்கள்.

மெட்ராஸில் ஒரு ஹால். பகல் பதினோரு மணி. கம்பெனி இன்ஜினியர் சாட்டர்ஜி கல்கத்தாக்காரர், கோட்டைக் கழற்றாமலே வேர்த்துக்கொண்டிருந்தார். பாடப் பாட நேராகத் தட்டிலேயே வெட்டுகிற மெஷின். தப்பு வந்தால் அழிக்க முடியாது, தட்டு போயிற்று. அவரிடம் மிச்சம் மூன்றே தட்டு. பாட்டு மெர்வினே கட்டியது. ‘போத்தனூர் பேபி’ என்று பெயர். அந்த ஊர் ரயில்வே காலனியில் அவனுக்கு ஒரு பேபி இருந்தாள், வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டாள், அதனால் பாட்டு நன்றாக வந்துவிட்டது.

முதல் தட்டில் நோயலின் கம்பி அறுந்தது. இரண்டாவது தட்டில் ஜன்னலில் ஒரு காக்கை உட்கார்ந்து பாட்டு முடிகிறவரை கூடவே பாடியது. சாட்டர்ஜி எல்லா ஜன்னலையும் சாத்தினார். மூன்றாவது தட்டைப் போட்டார். உதட்டில் விரலை வைத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

தம்பி, அதுவரை நூறு தடவை அந்தப் பாட்டை அவன் பாடி நான் கேட்டிருக்கிறேன். பாய்லருக்குள் கேட்டிருக்கிறேன், இன்ஸ்டிட்யூட்டில் கேட்டிருக்கிறேன், இரண்டு கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன். அன்று பாடினானே, அது வேறு. ஹாலில் எதிரொலி இல்லை. பாய்லர் செய்கிற வேலையையும் அவனே தொண்டையால் செய்தான். மூன்றாவது அடியில் ‘பேபி’ என்று வருகிற இடம். அந்த ‘பே’யைப் பிடித்து, இழுத்து, உடைத்து, விக்கி, கீழே விழப்போகிறது என்று நாம் நினைக்கிறபோது தூக்கி மேலே வைத்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நல்ல இடம் ஒன்று விழுந்தால் பக்கத்தில் வாசிக்கிறவன் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். ஆஹா என்றோ, பலே என்றோ. சொல்லாமல் இருந்தால் அது அவமானப்படுத்துவது. எங்கள் அப்பா பந்தலில் ஒருமுறை நான் சொல்லாமல் விட்டதற்கு, வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சோறு போடாதே என்றார் அம்மாவிடம். எனக்கு அப்போது ஏழு வயது.

சொல்லிவிட்டேன். ‘பலே.’

மெஷின் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. மெர்வின் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. கடைசி வரை பாடி முடித்தான். சாட்டர்ஜி ஊசியைத் தூக்கினார். வெள்ளைக்காரன் பாட்டில் ‘பலே’ என்றால் எப்படி விற்பது என்று நினைத்தாரோ என்னவோ, முகம் செங்கல் நிறம். இங்கிலீஷில் கேட்டார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: யார் கத்தியது?

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மெர்வின் பூட்ஸ் காலால் என் காலை மிதித்தான். பாய்லர்காரன் பூட்ஸ், அடியில் லாடம். நான் செருப்புக்கூடப் போடவில்லை. கண்ணில் பூச்சி பறந்தது. மிதித்துக்கொண்டே அவரிடம், “ஐ டிட்” என்றான்.

நான்தான் என்கிறான். என் பலேயை, என் எதிரிலேயே.

இதோ, செருப்பைக் கழற்றுகிறேன், பாருங்கள். பெருவிரல் நகம். அறுபத்தாறு வருஷமாகக் கறுப்பு. வழக்கில் இதுதான் முதல் சாட்சி. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நன்றாகத் தெரியும்.

சாட்டர்ஜி நிறைய பேசினார். மெர்வின் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான், வலது காதை அவர் பக்கம் திருப்பி. அவர் மேஜைமேல் இருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். அதுதான் ஒப்பந்தமாம். என்ன பேசினார் என்பதைத் திரும்பும்போது ரயிலில் நோயல் சொன்னான்: “சத்தம் போட்டது பேஸ்காரன்னா அவனை அனுப்பிடு, அடுத்த மாசம் வேற ஆளோட வா, திரும்ப எடுக்கலாம்னாரு. பாடுறவனே மைக் முன்னால தன்னைத் தானே மெச்சிக்கிட்டான்னா அவன் எங்களுக்கு வேணாம்னாரு.”

கவனித்தீர்களா? அடுத்த மாதம் திரும்ப எடுக்கலாம் என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லியும் இவன் நான்தான் என்கிறான். எவ்வளவு பேராசை பாருங்கள். தட்டில் ஒரே ஒரு வார்த்தை இன்னொருவனுடையதாக இருக்கக்கூடாது. கல்கத்தா போனாலும் போகட்டும், ஆறு பாட்டு போனாலும் போகட்டும், பலே மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

உளுந்தூர்ப்பேட்டையில் சாப்பிட இறங்கியபோது நீங்கள் ஒன்றுமே பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. நல்லது. கேட்கிறவன் குறுக்கே பேசினால் எனக்கு ஓட்டம் போய்விடும்.

அப்புறம் என்ன? ஏதோ கணக்குக்காகக் கம்பெனி அந்தத் தட்டை நூறு பிரதி மட்டும் போட்டது. விற்றதாகத் தெரியவில்லை. மெர்வின் பாய்லருக்குத் திரும்பினான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், அவ்வளவுதான் பாட்டு. நான் அவனோடு வாசிக்கவில்லை. பேஸை மறுபடியும் மேடைக்கு அடியில் தள்ளிவிட்டு, வேறு செக்‌ஷனுக்கு மாற்றிக்கொண்டேன். எதிரில் வந்தால் “என்னா மேன் கண்ணு” என்பான். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். என்னிடம் கடிகாரம் கிடையாது. அறுபத்தைந்தாம் வருஷம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டான். பெர்த் என்ற ஊரில் முப்பது வருஷம் பார்சல் கிடங்கில் வேலை. காது இரண்டும் போய்விட்டதாம்.

இப்போது ஃபின்லாந்து. அங்கே ராக்கபில்லி என்றால் உயிரை விடுகிற ஒரு கூட்டம் இருக்கிறதாம். ஒருவன் சென்னைப் பழைய சாமான் கடையில் அந்தத் தட்டை எடுத்துப்போய்ப் போட்டிருக்கிறான். பிடித்துக்கொண்டது. பனியில் ஹால் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறார்களாம், மூன்றாவது அடியில் அந்த இடம் வந்ததும் முந்நூறு பேரும் சேர்ந்து ‘பலே’ என்கிறார்களாம். அர்த்தம் தெரியாது. தட்டைப் புதிதாக அச்சடித்து வெளியிடப் போகிறார்கள். யார் யார் வாசித்தது என்று உறையில் போட வேண்டும். அதற்குத்தான் மெர்வின் மகள் செரில் எனக்குக் கடிதம் எழுதினாள். எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் படித்துச் சொன்னார்கள். எனக்கு மனப்பாடம்.

‘அந்தச் சத்தம் என்னுடையதுதான் என்று அப்பா கடைசிவரை சொன்னார். ஆனால் இவர்கள் நம்பவில்லை. பாடுகிற குரலின் மேலேயே அது விழுகிறது, ஒரே வாயால் இரண்டும் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். அன்று அங்கே இருந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம். கடைசி வருஷங்களில் அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தத் தட்டைச் சுழலவிட்டு, பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேஸ் கையில் தெரிகிறது என்பார்.’

தெரியும்தானே. நான் அடித்த அடி அப்படி.

ஆக, வழக்கு என் பக்கம். உறையில் போட வேண்டியது இதுதான்: பேஸ், அய்யாக்கண்ணு. அடுத்த வரியில்: பலே, அய்யாக்கண்ணு. இரண்டு வரி. நகத்தைக் காட்டுவேன், குரலைக் காட்டுவேன், உங்கப்பா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைக் கொடு என்பேன். ஒரு காபி கொடுத்தால் குடிப்பேன்.

என்ன? சொல்லுங்கள். இல்லை, இந்தக் காதில் சொல்லுங்கள்.

...யாரை?

என்னையா? என்னை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? எனக்கு என்ன ஆகியிருக்கும், அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். வேறு பேஸ்காரனை வைத்து அடுத்த மாதம்... 

ஆமாம். அனுப்பியிருப்பார்கள்.

அதெல்லாம் இல்லை தம்பி. உங்களுக்கு அவனைத் தெரியாது. காப்பாற்றுகிறவன் பூட்ஸ் காலால் மிதிப்பானா? சொல்லக்கூடாது என்றால் கண்ணைக் காட்டியிருக்கலாம். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அது வேறு. சாட்டர்ஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது செங்கல்பட்டா? ஏரி தெரிகிறது. தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்.

ஒன்று சொல்லவில்லை உங்களிடம். பெரிய விஷயம் இல்லை. அன்று எழும்பூர் ஸ்டேஷனில் வண்டிக்கு நேரம் இருந்தது. நோயல் டிக்கெட் எடுக்கப் போனான். என் கால் வீங்கிவிட்டது, பேஸை மெர்வினே முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். இட்லி வாங்கிக் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்:

“நல்லா இருந்திச்சா மேன்? பாடும்போது எனக்கு லெஃப்ட்ல ஒண்ணுமே கேக்கல. நிஜமா நல்லா இருந்திச்சா கண்ணு?”

நான் இட்லியைத் தின்றேன். 

இரண்டாம் தடவை கேட்டான். சொல்லவில்லை. ரயில் வந்தது. பிறகு அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஏழு வருஷம் ஒரே ஒர்க்‌ஷாப், ஒரே கேட். எங்கள் அப்பா இருந்திருந்தால் எத்தனை நாள் சோறு போட்டிருக்க மாட்டார், நீங்களே சொல்லுங்கள்.

சாட்டர்ஜி கிழித்துப் போட்ட அந்த நாலு காகிதத் துண்டையும் அவன் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். சில்லறைக்குக் குனிகிறான் என்று நினைத்தேன்.

இல்லை, திரும்பிப் போகமாட்டேன். போகத்தான் போகிறேன். பலே என்னுடையதுதான், அதில் மாற்றம் இல்லை. அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் என்றால் என்ன மரியாதை? தன்னைத் தானே மெச்சிக்கொண்ட பாட்டுக்காரன் என்று உறையில் போட்டு, அதை ஃபின்லாந்து முழுக்கப் படிப்பார்களா? அப்படி விடமாட்டேன். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். அம்மா செரில், அது உங்கப்பா குரல் இல்லை. பக்கத்தில் நின்றவன் உங்கப்பாவைப் பார்த்துச் சொன்னது. நன்றாக இருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். அதைச் சொன்னதால்தான் உங்கப்பா பாய்லருக்குத் திரும்பிப் போனார்.

இதைச் சொன்னபிறகு காபி கொடுப்பாளா, தெரியாது.

இரண்டு வரி வேண்டாம். ஒரு வரி போதும். அதுவும் சின்ன எழுத்தில். நகத்தைக் காட்டப்போவதில்லை, ஒரு பெண்பிள்ளையிடம் காலைத் தூக்கிக் காட்டுவது நன்றாக இருக்காது.

பெருங்களத்தூர் வந்துவிட்டது போலிருக்கிறது. நான் இங்கேயே இறங்கி மின்சார ரயில் பிடிக்கிறேன். பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். முன் சீட்டு அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கொஞ்ச நேரமாகக் கால் ஆடவில்லை என்று. அவர்களே கவனித்திருப்பார்கள்.

குரலா? இன்னொரு முறை பலே சொல்லிப் பரீட்சை பார்க்க வேண்டாம் தம்பி. குழந்தை தூங்குகிறது. அங்கே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.